தம்பியின் இடது காது

உங்களைத்தான் சொல்கிறேன். போன முகூர்த்தத்துக்குக் கம்பம் வந்து, மண்டபத்தில் என்னோடு ஒரே வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தீர்களே, அறுபதைத் தாண்டிய அத்தனை பேரையும்தான். தாலி கட்டி முடிந்து பந்திக்குக் கூப்பிடுவதற்குள் ஒரு ரெண்டு வயசுப் பிள்ளை தரையில் விழுந்து புரண்டு அழுதான். அவன் என் தம்பியின் பேரன். அவன் அம்மா, பாவம், பட்டுச்சேலை முந்தானையை ஒரு கையிலும் பிள்ளையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு திண்டாடினாள். கடைசியில் கைப்பையிலிருந்து செல்போனை எடுத்து அவனிடம் நீட்டினாள். அவ்வளவுதான், உங்கள் எல்லோருக்கும் வாய் திறந்துகொண்டது.

நம்ம காலத்தில் பிள்ளைகள் இப்படியா அழுதார்கள் என்று ஒருத்தி ஆரம்பித்தாள். முதுகில் ஒன்று வைத்தால் தானாக அடங்கும் என்றார் ஒருவர். அந்தக் காலத்து மனுஷிகளுக்குப் பிள்ளையின் குரலைக் கேட்டாலே போதும், பசியா, வயிற்று வலியா, தூக்கமா என்று சொல்லிவிடுவார்கள் என்றார் இன்னொருவர். நீங்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினீர்கள். அப்புறம் எங்கள் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, என் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். அது என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதைக் கேட்ட பிறகு பந்தியில் ஒரு வாய் பாயசம் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

இப்போது பதில் சொல்கிறேன். அழுதார்கள். நம் காலத்திலும் பிள்ளைகள் தொண்டை கிழிய அழுதார்கள். உங்களுக்கு ஞாபகம் இல்லை என்றால், அந்தப் பிள்ளைகளை நீங்கள் தூக்கி வைத்திருக்கவில்லை என்று அர்த்தம். நான் வைத்திருந்தேன். அப்போது எனக்கு வயது ஒன்பது. நாலாம் வகுப்பு.

ஓடைப்பட்டிப் பக்கம் அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. கல்லுக்கால் நட்டு, மேலே கம்பி இழுத்து, கொடி படர்ந்த பந்தல். அந்த வருஷம் கவாத்து வெட்டி முடிந்து தளிர் நன்றாக விட்டிருந்தது. தினமும் வேலை இருந்தது. அம்மா தோட்டத்தில் நிற்பாள். தம்பிக்கு ஒன்றரை வயசு. அவனைப் பார்த்துக்கொள்ள என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். வாத்தியாரும் வந்து கேட்கவில்லை. பொம்பளைப் பிள்ளை தம்பியை வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பது அவருக்கும் சரியாகவே பட்டிருக்க வேண்டும்.

அம்மாவின் பழைய சேலையில் தொட்டில் கட்டி, மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் இருந்த வேப்பமரத்துக் கிளையில் தொங்கவிட்டிருந்தார்கள். பச்சைச் சேலை, மஞ்சள் கரை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து கொடிக்கு அடிப்பார்கள் அல்லவா, அந்த மருந்து பட்டுப் பட்டு அதில் அங்கங்கே நீலத் திட்டு இருக்கும். எவ்வளவு துவைத்தாலும் போகாது. இன்றைக்கும் மயில்துத்தத்தின் நெடி மூக்கில் ஏறினால் எனக்குத் தம்பியின் அழுகைதான் முதலில் கேட்கும்.

அவனுக்கு என் இடுப்புதான் வீடு. என் இடுப்பில் அவன் உட்கார்ந்து உட்கார்ந்து எலும்பு ஒரு பக்கமாகக் காய்த்துப்போயிருந்தது. அவன் அழுதால் அடக்க எனக்கென்று சில வழிகள் இருந்தன. பால் டின் மூடி நாலைந்தை ஆணியால் ஓட்டை போட்டுக் கயிற்றில் கோத்து வைத்திருந்தேன். அதை ஆட்டினால் பாதி நேரம் சிரிப்பான். வாய்க்காலில் கால் நனைய விடுவேன். ரோட்டில் பஸ் போகும்போது வரப்பில் தூக்கி நிறுத்திக் காட்டுவேன். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அழுகிற பிள்ளை கையில் இருந்தால் கை தானாகக் கற்றுக்கொள்ளும்.

திடீரென்று ஒரு நாள் எந்த வழியும் பலிக்கவில்லை. டப்பா மூடியைத் தட்டிவிட்டான். உடம்பு லேசாகச் சுட்டது. பால் குடிக்கப் போவான், ரெண்டு இழுப்பு இழுப்பான், உடனே வாயை எடுத்துவிட்டு வீறிடுவான். தொட்டிலில் போட்டால் போட்ட மாத்திரத்தில் வில்லாக வளைவான். நிமிர்த்தித் தோளில் போட்டால் கொஞ்சம் தணிவான். தலையை என் தோள் எலும்பில் மோதுவான், அதுவும் இடது பக்கத்தை மட்டும்.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அழுகிற பிள்ளையோடு அந்த ரூமின் மேற்குச் சுவர் ஓரம் போய் நின்றேன். வெயிலிலும் மோட்டார் சூட்டிலும் அந்தச் சுவர் கதகதவென்று இருக்கும், உள்ளே ஓடுகிற அதிர்வு கைக்குத் தெரியும். தம்பி என் இடுப்பிலிருந்து சாய்ந்து, இடது காதைச் சுவரில் ஒட்டிக்கொண்டான். அழுகை நின்றது. விக்கலும் விசும்பலுமாகக் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கிடந்தான். நான் விலகினால் சிணுங்கினான், திரும்ப ஒட்டினால் சும்மா இருந்தான். மூன்று நாள் அந்தச் சுவரில்தான் நாங்கள் குடியிருந்தோம். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? காதுதான் வலிக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டில் எல்லாம் அத்தை வைத்ததுதான் சட்டம். அப்பாவின் அக்கா. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, எங்களோடுதான் இருந்தாள். அம்மாவுக்கு அவள் முன்னால் வாயே கிடையாது. நான் அத்தையிடம்தான் போய்ச் சொன்னேன்.

"அத்தை, தம்பிக்குக் காது வலிக்குது. இந்தக் காது."

அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தக்கூட இல்லை. "காது வலிச்சா காதப் பிடிச்சுக்கிட்டு அழுவான். இவன் தலையத்தான முட்டுறான். அது வேற. நீ பிள்ளையக் கொண்டுபோயி மோட்டாருகிட்ட வச்சு விளையாண்டுட்டு வைத்தியம் வேற சொல்லுதியாக்கும்?" என்றாள். அதோடு மோட்டார் ரூம் பக்கம் நான் போகக்கூடாது என்று உத்தரவு. வலிக்கு இருந்த ஒரே மருந்தும் போயிற்று.

பிறகு நடந்ததைக் கேளுங்கள், குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்களாமே. முதலில் கண்பட்டுவிட்டது என்றார்கள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். அந்தப் புகையில் எல்லோரும் இருமினோம், அவன் இருமி இருமி அழுதான். அடுத்த நாள் தூக்கும்போது எங்கேயோ பிசகி உரம் விழுந்திருக்கிறது என்றார்கள். நாலு பேர் ஒரு சேலையின் நாலு முனையைப் பிடித்துக்கொண்டு நடுவில் பிள்ளையைப் போட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினார்கள். இடது பக்கம் உருளும்போதெல்லாம் அவன் மூச்சு நின்று நின்று வந்தது. நான் கத்தினேன். ஒருத்தி என்னை வெளியே போய் விளையாடச் சொன்னாள். வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவினார்கள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து, வழக்கம்போல ரெண்டு காதிலும் எண்ணெய் விட்டு, வாயை வைத்து ஊதினாள் அத்தை. அன்றைக்கு அவன் போட்ட சத்தம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த தோட்டத்து ஆட்களுக்குக் கேட்டது.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இது நோவு இல்லை, பிடிவாதம், தூக்கித் தூக்கி நீதான் கெடுத்து வைத்திருக்கிறாய் என்றார். அன்று சாயங்காலம் தம்பி அழுதபோது அவனைக் கதவுக்கு வெளியே விட்டுத் தாழ்ப்பாள் போட்டார். அழுது முடித்தால் தானாக வருவான் என்று சொல்லிவிட்டுக் காபி குடித்தார். ஒன்றரை வயசுப் பிள்ளை அழுது முடித்துக் கதவைத் தட்டுமாம்!

அப்புறம்தான் தொக்கம். நீங்கள் எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனவர்கள்தான், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இதைப் படிக்கிற உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. தின்ற பொருள் உள்ளே எங்கேயோ சிக்கிக்கொண்டு செரிக்காமல் கிடப்பதைத் தொக்கம் என்பார்கள். அதை எடுக்கிறவர்கள் இருந்தார்கள். மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஒரு அம்மா எடுப்பார். செவ்வாயும் வெள்ளியும் கூட்டம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அத்தை, நான், என் இடுப்பில் தம்பி, மூன்று பேரும் பஸ் ஏறினோம். பஸ் குலுங்கக் குலுங்க அவன் அழுதான். பக்கத்து சீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

அந்த அம்மா நல்ல மனுஷிதான், பொய் சொல்லக்கூடாது. கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டார். எல்லாப் பிள்ளைகளையும் கொஞ்சினார். தம்பியைப் பாயில் படுக்க வைத்து, வயிற்றைத் தடவி, தொப்புளுக்கு மேலே ஒரு சின்னப் பித்தளைக் குழாயை வைத்து வாயால் உறிஞ்சினார். கன்னம் குழிய மூன்று தரம் உறிஞ்சிவிட்டு உள்ளங்கையில் துப்பினார். எச்சிலில் ஒரு தேங்காய்ச் சில்லு கிடந்தது, விரல் நகம் அளவுக்கு.

பல் கூட சரியாக முளைக்காத பிள்ளைக்கு யார் தேங்காய் கொடுத்தது என்று அந்த அம்மா கேட்டார். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இவதான். களவாண்டு தின்னுட்டுப் பிள்ள வாயிலயும் திணிச்சிருக்கா. காது வலிக்குது காது வலிக்குதுன்னு ஏன் சொல்லிக்கிட்டே திரிஞ்சான்னு இப்பல்ல தெரியுது," என்றாள் அத்தை.

நான் கொடுக்கவில்லை. அப்போதே சொன்னேன், அழுதுகொண்டே சொன்னேன். அந்த உள்ளங்கையையும் நன்றாகப் பார்த்தேன். ஒரு வாரமாகப் பிள்ளையின் வயிற்றில் கிடந்ததாகச் சொன்ன தேங்காய் வெள்ளைவெளேர் என்று இருந்தது, அப்போதுதான் கீறி எடுத்த மாதிரி. ஒன்பது வயசுக்காரி கண்ணுக்குப் பட்டது, அங்கே இருந்த இருபது பெரிய மனுஷிகளில் ஒருத்தி கண்ணுக்கும் படவில்லை. படவில்லையா, பட்டும் பேசவில்லையா, அந்தச் சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. அத்தை பஸ் ஸ்டாப்பு வரைக்கும் என் தொடையைக் கிள்ளிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அடி விழுந்ததைக்கூட மறந்துவிடுவேன். அடி எல்லோருக்கும் விழுந்தது. அதற்குப் பிறகு போட்ட தண்டனையைத்தான் மன்னிக்க முடியவில்லை. இனிமேல் தம்பியை நான் தொடக்கூடாது என்றார் அப்பா. அவனை அத்தை வைத்துக்கொண்டாள். நான் பந்தலின் அந்தக் கோடியில் சருகு பொறுக்க வேண்டும். கல்லுக்கால்களுக்கு நடுவே எனக்கு அவனும் தெரிவான், அவனுக்கு நானும் தெரிவேன். ரெண்டு கையையும் என் பக்கம் நீட்டிக்கொண்டு கத்துவான். நான் ஒரு எட்டு எடுத்து வைத்தால் அத்தை கையை ஓங்குவாள். அழுகை கூடியது. தொக்கம் எடுத்த பிறகு ரெண்டு மூன்று நாள் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டார்கள். எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரு பதில் இருந்தது.

மூன்றாம் நாள் விடிந்தபோது வீடு அமைதியாக இருந்தது. நான் பயந்துபோய் ஓடினேன். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். தலைக்குக் கீழே சேலை மஞ்சளாக நனைந்திருந்தது. கெட்ட வாடை. இடது காதிலிருந்து கன்னம் வரைக்கும் ஒழுகிக் காய்ந்திருந்தது.

உள்ளே கட்டியிருந்த சீழ் செவிப்பறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது, அதனால் வலி நின்றுவிட்டது. இது இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு அத்தை சொன்னது வேறு. தொக்கம் போனதும் உடம்புச் சூடு காது வழியாக இறங்குகிறது, நல்லதுதான் என்றாள். முதல் அறுவடையில் ஒரு கூடை பன்னீர் திராட்சை அந்த அம்மாவுக்குப் போனது. என்னிடம் யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை.

அந்தச் சேலையை அம்மாதான் வாய்க்காலில் அலசினாள். நான் படிக்கட்டில் நின்றேன். நனைந்த இடத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது, சத்தியமாகச் சொல்கிறேன், அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனால் குனிந்து துவைக்க ஆரம்பித்துவிட்டாள். அம்மாவை நினைத்தால் பாவமாக இருக்கிறது. கோபமும் வருகிறது. ரெண்டும் சேர்ந்துதான் வருகிறது.

இதைவிடக் கேவலம் ஒன்று சொல்கிறேன். எல்லோரும் சொல்லிச் சொல்லி, நானே அவனுக்குத் தேங்காய் கொடுத்தேன் என்று கொஞ்ச நாளில் நம்ப ஆரம்பித்துவிட்டேன். என் விரலும், அவன் வாயும், அந்த வெள்ளைச் சில்லும் கண்ணை மூடினால் தெரியும். நடக்காத ஒன்று. கோயிலில் தேங்காய் பழம் கொடுத்தால் பல வருஷம் நான் தேங்காயை மட்டும் எடுத்து யாரிடமாவது தள்ளிவிடுவேன்.

தம்பி வளர்ந்தான். சனிக்கிழமை சனிக்கிழமை அந்தக் காதில் எண்ணெயும் தவறாமல் போனது. வாய்க்கால் தண்ணீரும் போனது. அடிக்கடி ஒழுகும், நிற்கும், மறுபடி ஒழுகும். மூன்று நாலு வயசில் ஊரிலேயே பெரிய அடம்பிடிக்கிற பிள்ளை என்று பேர் வாங்கினான். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டான். அப்பா வந்து தோளைப் பிடித்து இழுப்பார். அவன் திடுக்கிட்டுப் போய்த் தரையில் விழுந்து கத்துவான். என்ன நடக்கிறது என்றே தெரியாத பிள்ளையை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தால் வேறு என்ன செய்யும்? அதற்குத் தண்டனை என்ன தெரியுமா? காதைத் திருகுவது. அப்பாவுக்கு வலது கைப் பழக்கம். எதிரே நின்று கையை நீட்டினால் தம்பியின் இடது காதுதான் கைக்கு வரும். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரும் அதே காதைத்தான் திருகினார்.

நான் மட்டும் அவனுடைய வலது பக்கமாகப் போய்ப் பேசுவேன். என்னிடம் அவன் ஒரு நாளும் அடம்பிடித்ததில்லை. அக்கா செல்லம் என்றார்கள்.

அவனுக்குப் பதினொரு வயசானபோது பள்ளிக்கூடத்துக்கு ஒரு டாக்டர் வந்து பிள்ளைகளைச் சோதித்தார். தம்பியின் காதில் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு அப்பாவை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். செவிப்பறையில் பெரிய ஓட்டை, சின்ன வயசிலேயே வந்திருக்கிறது, இத்தனை வருஷம் சீழ் அரித்து உள்ளே இருக்கிற எலும்பும் கெட்டுப்போயிருக்கிறது, அந்தக் காது அனேகமாகக் கேட்காது என்றார். அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போது வயது பத்தொன்பது, கல்யாணம் பேசியிருந்தார்கள். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். செம்பை வாங்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீதான ஆத்தா இவனத் தூக்கிட்டுத் திரிஞ்ச. அப்பவே ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

அவர் கண் கலங்கியிருந்தது, அதனால் விட்டுவிட்டேன். அப்படி விட்டதற்காக ஐம்பது வருஷத்துக்குப் பக்கமாக என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால் அப்பா அந்தக் கேள்வியை என்னோடு நிறுத்தவில்லை. சொந்தக்காரர்கள் விசாரிக்க வந்தபோதெல்லாம் அதையே சொன்னார். அத்தையும் சொன்னாள். அவர்கள் ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தப் பேச்சு மட்டும் போகவில்லை. மண்டபத்தில் பெரியப்பா மகன் உங்களிடம் சொன்னது அதுதான்.

"நம்ம இவனுக்குச் சின்னதுல காது வலிச்சப்ப கூடவே இருந்தது இவதான். வீட்ல ஒரு வார்த்த சொல்லிருந்தாக்கூட காது தப்பிச்சிருக்கும். சின்னப் பிள்ள, என்ன தெரியும்னு எங்க சித்தப்பா சொல்லிச் சொல்லி அழுவாக."

சின்னப் பிள்ளை, என்ன தெரியும். நீங்களும் உச்சுக் கொட்டினீர்கள். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டீர்கள்.

நீங்கள் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் என் தம்பி என்ன செய்தான் என்று ஒருவராவது கவனித்தீர்களா? வேட்டியை மடித்துக்கொண்டு பேரனுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான். அதட்டவில்லை, போனைப் பிடுங்கவில்லை. தன் வலது காதைப் பிள்ளையின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளை மூலையில் இருந்த ஸ்பீக்கரைக் கை காட்டினான். மேளத்தை அதில் வைத்து அலறவிட்டிருந்தார்கள், நாம் எல்லோரும் கத்தித்தான் பேசிக்கொண்டிருந்தோம். தம்பி அவனைத் தூக்கிக்கொண்டு பந்திக்கூடத்துப் பின்பக்கம், கை கழுவுகிற இடத்துக்குப் போய்விட்டான். அழுகை நின்றுவிட்டது. செல்லம் கொடுத்துக் கெடுக்கிறான் என்று உங்களில் ஒருவர் சொன்னார்.

திரும்பி வரும்போது காரில் பின்சீட்டில் தம்பியும் நானும் இருந்தோம். அவன் மடியில் பேரன் தூங்கினான். உத்தமபாளையம் தாண்டியதும் தம்பி கேட்டான். மண்டபத்தில் பெரியப்பா மகன் இடது பக்கம் இருந்து என்னவோ சொன்னார், ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் உன் முகம் மாறிவிட்டது, என்ன சொன்னார் என்றான்.

நான் அவனுடைய வலது பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன், எப்போதும் போல. முழுக்கச் சொன்னேன். மோட்டார் ரூம் சுவரைச் சொன்னேன், தேங்காய்ச் சில்லைச் சொன்னேன், அப்பா கேட்டதைச் சொன்னேன். அவனுக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. என் குரல் உயர்ந்துபோய் டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"அவுக யாரும் நம்பலடா. ஆனா நான் சொன்னேன். அத்தைகிட்டயும் சொன்னேன், அப்பாகிட்டயும் சொன்னேன்."

தம்பி பிள்ளையின் தலையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"சொல்லாம இருந்திருப்பியாக்கா நீ?" என்றான். "இன்னைக்கே ஒன் வாய யாரும் மூட முடியல. ஒம்பது வயசுல மட்டும் மூடிக்கிட்டா இருந்திருப்ப?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கொஞ்சம் அழுதேன்.